மூன்று பெயர்களும் பத்து நாளும்

1

போன வாரம் என் சித்தி மகன் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு எதிரில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். ஆள் உயர ஃபிளெக்ஸ். கோட்டு போட்டு, கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிற ஒருவர். 'அமெரிக்கா வாழ் தொழிலதிபர், மண்ணின் மைந்தர் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்.' கீழே தம்பி எழுதியிருந்தான்: "அக்கா, இவரு எங்க பள்ளிக்கூடத்துக்கு கம்ப்யூட்டர் குடுத்துருக்காரு. ரொம்ப நல்ல மனுசன். இவரு மேலயா நீ கேஸு போட்ட?"

ஆமாம் தம்பி, இவர் மேலதான். ஜெயிக்கவும் செய்தேன். ஜெயித்த பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் பெயரை எழுத வேண்டாம் என்று என் வக்கீல் சொல்லியிருக்கிறாள். மாவுக்காரர் என்று எழுதுகிறேன். சின்னசேலம் பக்கத்துக்காரர். நான் தியாகதுருகத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். இங்கே கலிபோர்னியாவில் அவருக்கு இட்லி மாவு, தோசை மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிற கம்பெனி. நான் அங்கே ஆறு வருஷம் வேலை செய்தேன். ஃபிளெக்ஸ் வைத்தவர்கள் இதைப் படித்தால் நல்லது. அவரே படித்தால் இன்னும் நல்லது.

2

ஊறிய உளுந்து எவ்வளவு கனக்கும் என்று வீட்டில் அரைக்கிறவர்களுக்குத் தெரியாது. அங்கே உளுந்து ஊறுவது பிளாஸ்டிக் தொட்டியில். தண்ணீரை வடித்து, தொட்டியை மார்பளவு தூக்கி, கிரைண்டர் வாயில் சாய்க்க வேண்டும். ஒரு ஷிப்டுக்கு முப்பது நாற்பது தடவை. ஒரு வியாழக்கிழமை காலை ஈரத்தில் கால் வழுக்கியது. நான் விழவில்லை. தொட்டியை விடக்கூடாது என்று வலது கையால் எம்பிப் பிடித்தேன். பழைய சேலையைக் கிழிக்கிறது போலத் தோளுக்குள் ஒரு சத்தம் கேட்டது.

மாவுக்காரர் ஓடி வந்தார். முதலில் தரையைத்தான் பார்த்தார். "எவ்ளோ கொட்டிச்சு?" என்றார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"இன்சூரன்ஸ் அது இதுன்னு போய்டாத பூங்கொடி. நாம ஒரே ஜில்லா. நான் பாத்துக்க மாட்டனா?"

"சரிண்ணே."

இரண்டு மாதம் ஒரு கையாலேயே வேலை செய்தேன். தலை பின்ன முடியவில்லை. ஜாக்கெட் போட முடியவில்லை. சட்டை போட ஆரம்பித்தேன். அப்புறம் தாங்காமல், வேலையில் அடிபட்டால் வைத்தியச் செலவு கொடுக்க கம்பெனி எடுத்து வைத்திருக்கிற இன்சூரன்சுக்கு எழுதிப் போட்டேன். 'இது வேலையில் பட்ட அடி அல்ல, வரும்போதே தோள்வலியோடு வந்தவர் என்று முதலாளி சொல்கிறார்' என்று பதில் வந்தது. மாவுக்காரரைக் கேட்டேன். "அது அவங்களா எழுதற டெம்ப்ளேட்டும்மா" என்றார். டெம்ப்ளேட் என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. அவர் சொன்ன விதத்தில் ஏதோ மழை வெயில் போல யார் குற்றமும் இல்லாத ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த ஊர்ச் சட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடிபட்டவருக்கும் இன்சூரன்சுக்கும் ஒத்துப்போகவில்லை என்றால், இரண்டு பக்கமும் சேராத ஒரு டாக்டர் பார்த்து எழுத வேண்டும். அந்த டாக்டரைப் பொறுக்குவதில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரு விண்ணப்பப் பாரம் வரும். எந்தப் பிரிவு டாக்டர் வேண்டும் என்று அதில் குறித்து அனுப்பினால் அரசாங்கம் மூன்று பெயரை அனுப்பும். வக்கீல் வைக்காத தொழிலாளி அந்த மூன்றில் ஒருவரைத் தானே தேர்ந்தெடுக்கலாம். நல்ல சட்டம்தான். ஆனால் பாரத்துக்குப் பத்து நாள், பெயர் சொல்லப் பத்து நாள். தாண்டினால் அந்த உரிமை இன்சூரன்ஸ் கைக்குப் போய்விடும்.

பாரம் வந்த நாலாம் நாள் மாவுக்காரர் வீட்டுக்கே வந்தார். கையில் மைசூர்பாகு டப்பா.

"அந்தக் கவரை என்கிட்ட குடு. இங்கிலீஷு கொழகொழன்னு இருக்கும், நீ தப்பாப் போட்டுடுவ. நானே நிரப்பி அனுப்பறேன்."

கொடுத்தேன். ஒன்பதாம் நாள் போன் செய்து கேட்டேன். "அனுப்பியாச்சும்மா" என்றார். அனுப்பவில்லை. இன்சூரன்ஸ் தானே ஒரு பாரம் போட்டு, தோள் கிழிந்தவளுக்கு முதுகெலும்பு பார்க்கிற டாக்டர்களைக் கேட்டு வாங்கியது. மூன்று பெயர் வந்த கவரும் என் வீட்டுக்குத்தான் வந்தது. முதல் கவரையாவது அவர் கேட்டு வாங்கினார். இரண்டாவதை நானே பஸ் பிடித்துப் போய் அவர் மேசையில் வைத்தேன். அந்தப் பத்து நாளும் அங்கேயே போய், டாக்டரை இன்சூரன்ஸே பொறுக்கியது. இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

3

முதல் டாக்டரிடம் என் மகள் நித்யா கூட வந்தாள். இங்கே பிறந்தவள், காலேஜ் முதல் வருஷம். மொழிபெயர்க்க ஓர் ஆளை இன்சூரன்ஸ்தான் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

டாக்டர் உட்காரச் சொன்னார். கையைத் தூக்கச் சொன்னார். பாதியில் நின்றது. அதற்கு மேல் அவர் என் தோளைத் தொடவே இல்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ரொம்ப சிநேகமாக, சின்ன வயதில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார்.

அவ்வளவு தூரம் வந்து ஒருவர் என் சின்ன வயதைக் கேட்கிறாரே என்று எனக்குப் பெருமை. கல்வராயன் மலையைப் பற்றிச் சொன்னேன். பள்ளிக்கூடம் லீவு விட்டால் அப்பாவோடு கச்சிராயபாளையத்தில் லாரி ஏறுவேன். வெள்ளிமலை ரோட்டோரம் லாரி நிற்கும். சரிவில் பிடுங்கிப் போட்ட மரவள்ளிக் கிழங்கை மூட்டை கட்டித் தோளில் வைத்து மேலே ரோட்டுக்கு ஏற்ற வேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து பதினாறு வரைக்கும் அப்படிப் போனேன். ஆம்பளைகளுக்குச் சமமாக ஏறுவேன் என்று லாரி டிரைவர் சொல்வார். அதையும் சொன்னேன்.

"அப்போது தோள் எப்படி இருக்கும்?" என்று கேட்டார் டாக்டர்.

"சாயங்காலம் தோளெல்லாம் அலுப்பா இருக்கும். குளிச்சிட்டுப் படுத்தா காத்தாலைக்கு சரியாயிடும்."

நித்யா அலுப்பை 'பெயின்' என்றாள். 'காத்தாலைக்கு சரியாயிடும்' என்பதை விட்டுவிட்டாள். டாக்டர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டோம்.

ஒரு மாதத்தில் அறிக்கை வந்தது. 'நோயாளிக்குச் சிறுவயது முதலே நாள்பட்ட தோள்வலி. இந்தியாவில் மலைப்பகுதியில் பல ஆண்டுகள் கடும் சுமை தூக்கியதால் ஏற்பட்ட தேய்மானம். தற்போதைய வேலைக்கும் இதற்கும் தொடர்பில்லை.' நித்யா வாசித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

"அம்மா, அலுப்புன்னா பெயின் இல்லையா?"

"இல்லடி."

"அப்ப என்ன?"

வேலை செய்தவனுக்கு வருவது, தூங்கினால் போவது என்றேன். அவள் முகம் கோணிவிட்டது. "நீ எனக்கு சொல்லிக் குடுத்திருக்கணும்" என்று கத்திவிட்டு அறைக்குள் போனாள். அன்றிலிருந்து எங்களுக்குள் ஏதோ ஒன்று சரியாக இல்லை. வேறு ஊர்க் காலேஜுக்கு மாற்றிக்கொண்டு போனாள். போனில் கேஸ் பேச்சை எடுத்தாலே "மூவ் ஆன் மா" என்பாள்.

எனக்கு எரிச்சல் அவள் மேல் இல்லை. நான் ஏறின மலையைக் கொண்டுவந்து எனக்கு எதிராகவே சாட்சிக் கூண்டில் நிறுத்திவிட்டார்களே, அது எரிந்தது. அதிகம் பேருக்குச் சொல்லாத அந்த நாலு வருஷத்தைப் பெருமையோடு எடுத்துக் கொடுத்தவள் நானே.

4

அப்பாவுக்குப் போன் செய்தேன். அறிக்கையில் இருந்ததைச் சொன்னேன்.

"அந்த டாக்டரை யாரு புடிச்சது?" என்றார்.

"இன்சூரன்சுக்காரங்கதாம்பா. மொதலாளிதான் என் பேப்பரை வாங்கி வெச்சிக்கினு ஏமாத்திட்டாரு."

"எனுக்கும் அப்பிடித்தாம்மா ஆச்சி."

அப்பாவுக்கு வலது கையில் இரண்டு விரல் இல்லை. மலைக்கு லோடு ஏற்றப் போவதை விட்டுவிட்டு, சின்னசேலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அது. கிழங்கு அரைக்கிற மெஷினில் விரல் போனது. குடித்துவிட்டு வேலைக்குப் போய்க் கையை விட்டுக்கொண்டார் என்றுதான் ஊரில் பேச்சு. எனக்கு அப்போது பதினேழு வயது.

"மொதலாளி அவன் காருலயே ஏத்திக்கினு போனான். அவனுக்குத் தெரிஞ்ச டாக்டரு. கட்டு போட்டுட்டு, 'மது அருந்திய நிலையில்'னு எழுதிட்டாரு. அப்பிடி எழுதிட்டா ஆலை ஒண்ணும் தர வேணாம். நான் அந்த வயசு வரிக்கும் அதைத் தொட்டதில்லம்மா. இன்னி வரிக்கும் தொட்டதில்ல."

"ஏம்பா இதை அப்பவே சொல்லல?"

"சொன்னனே. உங்கம்மாகிட்ட சொன்னேன், ஊர்ல சொன்னேன். பேப்பர்ல இருக்கிதே, அதை இன்னா பண்றது?"

நானும் அந்தப் பேப்பரை நம்பினவள்தான். அந்த வருஷம் முழுக்க அவர் சாப்பிட உட்கார்ந்தால் நான் எழுந்து போய்விடுவேன். கல்யாணம் பேசின இடத்தில் "அப்பா குடிப்பாரா?" என்று கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டேன். முப்பது வருஷம் நம்பியிருக்கிறேன். அவர் உயிரோடு இருக்கும்போதே எனக்குத் தெரிய வந்ததும், என்னையும் ஒருவன் அதே போல எழுதின பிறகுதான்.

"விட்டுடும்மா" என்றார் அப்பா. "ஊர்க்காரன். வெளியூர்ல இருக்கற. பகை வேணாம்."

"சரிப்பா" என்றேன். மறுநாள் வக்கீல் ஆபீசுக்குப் போனேன்.

5

என் வக்கீல் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண். அவள் அம்மா திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்து இடுப்பு போனவள். என் காகிதங்களை அவள் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தாள். அறிக்கையின் கடைசியில், டாக்டர் பார்த்த ஆவணங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் ஒரு வரியில் அவள் பேனா நின்றது. 'முதலாளியின் கடிதம். புகைப்படம் ஒன்று.'

"இது உனக்கு வந்ததா?"

வரவில்லை. கேட்டு வாங்கினோம். மாவுக்காரர் தன் கைப்பட இங்கிலீஷில் டாக்டருக்கு நேராக எழுதிய கடிதம். 'இவர் இந்தியாவில் சிறுவயதிலிருந்தே சுமைகூலியாக இருந்தவர். அதைப் பற்றிக் கேட்கவும்.' கூடவே, அடிபட்ட பிறகு வந்த கம்பெனிப் பொங்கலன்று எடுத்த போட்டோ. பொங்கல் பானையை நான் இடது கையால் இறக்குகிறேன். சிரித்துக்கொண்டிருக்கிறேன். "சிரி பூங்கொடி" என்று சொல்லி அதை எடுத்தவரே அவர்தான்.

அப்போதுதான் புரிந்தது. சாயங்காலம் டீ குடிக்கும்போது மலைக் கதையெல்லாம் அவரிடம்தான் சொல்லியிருக்கிறேன். அவரும் கல்வராயன் மலையைப் பார்த்து வளர்ந்தவர். கண் கலங்கக் கேட்பார்.

எதிர்ப்பக்கத்துக்குத் தெரியாமல் எந்தப் பக்கமும் அந்த டாக்டருக்கு எதையும் அனுப்பக் கூடாது. அனுப்பினால் அந்த டாக்டரை நீக்கச் சொல்லி, புதிதாக மூன்று பெயர் கேட்கலாம். வக்கீல் கேட்டாள். கிடைத்தது. இந்தத் தடவை தோள் பார்க்கிறவர்கள். வக்கீல் இருந்தால் முறை வேறு. மூன்று பெயரில் நாங்கள் ஒன்றை அடித்து நீக்கலாம், அவர்கள் ஒன்றை அடிக்கலாம். மிச்சம் இருக்கிறவர்தான் டாக்டர். இதற்கும் பத்து நாள்தான்.

நான் ஒரு வாரம் வேறு வேலை பார்க்கவில்லை. மூன்று பேரைப் பற்றியும் கிடைத்ததையெல்லாம் அகராதி வைத்துப் படித்தேன். ஒருவர் எப்போதும் இன்சூரன்ஸ் பக்கம் எழுதுகிறவர் என்று பேர் எடுத்தவர். ஒருவர் தொழிலாளிகளுக்கு இளகுகிறவர். மூன்றாமவர் வயதான கொரியாக்காரர். அவரைப் பற்றி இரண்டு பக்கமும் திட்டி எழுதியிருந்தார்கள். மூன்று மணி நேரம் உட்கார வைக்கிறார், கேட்டதையே கேட்கிறார், சிரிப்பதே இல்லை.

முதலாமவரை நாங்கள் அடித்தோம். இளகுகிறவரை அவர்கள் அடித்தார்கள். கொரியாக்காரர் மிஞ்சினார்.

அவர் முன்னால் உட்கார்ந்தபோது என் பக்கத்தில் முறையான தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். டாக்டர் ஒரு கருவியை வைத்து என் கை எத்தனை பாகை எழுகிறது என்று முன்னும் பின்னும் பக்கத்திலும் அளந்தார். ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்தார். மலையைப் பற்றி அவரும் கேட்டார். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன்.

"எந்த வயதில் நிறுத்தினீர்கள்?"

"பதினாறு."

"அதற்குப் பிறகு இந்தத் தோளுக்காக எந்த டாக்டரையாவது பார்த்தீர்களா?"

"இல்ல."

"அந்த வியாழக்கிழமைக்கு முந்தின நாள் எத்தனை தொட்டி தூக்கினீர்கள்?"

"முப்பத்தஞ்சுக்குக் கம்மி இருக்காது."

பேனாவைக் கீழே வைத்தார். அன்றைக்கு அவர் அப்படி வைத்தது அந்த ஒரு தடவைதான். பிறகு எழுதினார். அவர் அறிக்கையில் ஒரு வரியை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். 'முப்பது ஆண்டுகளுக்கு முன் சுமந்த பாரம் இந்தத் தசைநாரைக் கிழிக்கவில்லை.'

6

உடனே சமாதானத்துக்கு ஆள் வந்தது. இன்சூரன்ஸ் முடித்துக்கொள்ளலாம் என்றது. நல்ல முடிவுதான் என்றாள் வக்கீல். நான் மாட்டேன் என்றேன். மாவுக்காரர் நீதிபதி முன்னால் வந்து உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். அது இல்லாமல் கையெழுத்து இல்லை.

"இதில் உனக்கு ஆபத்தும் இருக்கிறது. தோற்கலாம்" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

கூட வேலை செய்த நாலு பேரில் ஒருத்தியும் சாட்சிக்கு வரவில்லை. அவர்களுக்கு வேலை வேண்டும். என்னோடு பேசுவதையும் நிறுத்திக்கொண்டார்கள். விசாரணை அன்று நித்யா மட்டும் சொல்லாமல் பஸ் ஏறி வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே கூப்பிடும் முன் வராந்தாவில் மாவுக்காரர் என் பக்கத்தில் வந்தார்.

"பூங்கொடி, ஏதோ நடந்துபோச்சு. நாம ஒரே மண்ணு. மன்னிச்சிடக் கூடாதா?"

"மன்னிப்பு கேக்கறதுன்னா உள்ள வந்து கேளுங்கண்ணே. ஜட்ஜு முன்னாடி, இங்கிலீஷ்ல. எழுதிக்குவாங்க."

உள்ளே அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. முதல் கேள்விக்கே தனக்கு இங்கிலீஷ் சரியாக வராது, மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றார். தமிழர் விழா மேடைகளில் இங்கிலீஷில் முக்கால் மணி நேரம் பேசுகிறவர். அவர் டாக்டருக்கு இங்கிலீஷில் எழுதிய அந்தக் கடிதத்தை என் வக்கீல் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இது உங்கள் கையெழுத்தா?"

"ஆமா."

"யார் எழுதிக் கொடுத்தது?"

அவர் என்னைப் பார்த்தார். எனக்காக வந்திருந்த மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "கேள்வி உங்களுக்குப் புரிந்ததா?" என்று இங்கிலீஷில் கேட்டார். "யெஸ்" என்று அவர் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வந்த பிறகுதான் வாயைப் பொத்தினார். கழுத்திலிருந்து சிவப்பு ஏறிக் காது வரைக்கும் போனது. அப்புறம் அவர் என்னிடம் வாங்கிப்போன பாரத்தைப் பற்றியும் என் வக்கீல் கேட்டாள். "ஞாபகம் இல்லை" என்றார். அடுத்த கேள்விக்கும் அதுவே. ஏழு தடவை சொன்னார், நான் எண்ணினேன்.

பரிதாபம் வருகிறதா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். வரவில்லை. நல்லா உக்காரு, இன்னும் கொஞ்ச நேரம் உக்காரு என்றுதான் மனசு சொல்லிக்கொண்டிருந்தது.

சில வாரத்தில் தீர்ப்பு வந்தது. வேலையில் பட்ட அடிதான். ஆபரேஷன், வைத்தியம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆபரேஷனுக்குப் பிறகும் கை காதுக்கு மேல் எழவில்லை. காலம் கடந்துவிட்டது என்றார்கள். இப்போது ஒரு துணிக்கடையில் விலைச்சீட்டு ஒட்டுகிற வேலை. இடது கையால் தலை வாரப் பழகிவிட்டேன். மேல் தட்டில் இருக்கிறதை எடுக்க யாரையாவது கூப்பிட வேண்டும். கூப்பிடும்போதெல்லாம் அவர் முகம் நினைவுக்கு வரும். அதனால் அவரை மறக்க வழியில்லை. எனக்கு மறக்கவும் வேண்டாம்.

விசாரணை முடிந்த அன்றைக்கே அப்பாவுக்குப் போன் செய்தேன். அங்கே விடிந்து அவர் டீ குடிக்கிற நேரம். விட்டுவிடச் சொன்னவராயிற்றே, திட்டுவார் என்று பயம். ஜட்ஜு என்ன சொன்னார், வக்கீல் என்ன கேட்டாள் என்று நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனேன். அவர் குறுக்கே விழுந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும். அவன் மூஞ்சி எப்பிடிம்மா இருந்துச்சி?"

சொன்னேன். கழுத்திலிருந்து சிவந்ததைச் சொன்னேன். 'யெஸ்' என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்தினதைச் சொன்னேன்.

"வாயைப் பொத்திக்கினானா? ரெண்டு கையாலயுமா, ஒரு கையாலயா?"

"ஒரு கையாலப்பா."

"இன்னொருவாட்டி சொல்லு."

இன்னொரு தடவை சொன்னேன். அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். "இங்க வந்து கேளு, அந்த வேலையைப் போட்டுட்டு வா" என்று போனை ஸ்பீக்கரில் வைத்தார். அம்மா வந்து உட்காருகிற சத்தம் கேட்டது.

"ம், மொதல்லருந்து சொல்லும்மா" என்றார்.

மூன்றாவது தடவை சொன்னபோது நானும் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.